18 என்னும் எண்: அமெரிக்க நிறை நிறமாலையியல் சங்கத்தின் தலைமை பற்றி ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க நிறை நிறமாலையியல் சங்கத்தின் வரலாற்றை ஆராய்வோர் தவிர்க்க முடியாத நூல், மைக்கேல் கிரேசன் பதிப்பித்து 2002இல் வெளிவந்த 'மெஷரிங் மாஸ்'. நேர்மின் கதிர்களில் தொடங்கிப் புரதங்களில் முடியும் பயணம் என்று அதன் துணைத்தலைப்பே அறிவித்துவிடுகிறது. கருவியும் கருவியின் பயன்பாடும் எந்த வழியில் வளர்ந்தனவோ அந்த வழியிலேயே நூலின் வைப்புமுறையும் செல்கிறது. சங்கத்தை வழிநடத்தியவர்களுக்கும் இதே போக்கைப் பொருத்திப் பார்த்தால் எளிதான ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. எண்ணெய் பகுப்பாய்வு ஓங்கியிருந்தபோது எண்ணெய் நிறுவன வேதியியலாளர்கள் முன்னின்றார்கள். கரிம வேதியியல் கருவியைத் தனதாக்கிக்கொண்டபோது பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்தார்கள். உயிர்வேதியியல் மேலெழுந்தபோது மருத்துவப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். ஆய்வுப்பொருள் மாற மாறத் தலைமையும் மாறியது என்பதே இந்த வாசிப்பின் சாரம். கிரேசன் நூல் இதைத் தலைமை பற்றிய தனி வாதமாக நிறுவ முயலவில்லை. ஆனால் அந்த நூலை அடியொற்றிச் செல்பவர் இந்த முடிவுக்குத்தான் வந்து சேர்வார். என் கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. இச்சங்கத்தின் தலைமையை உருவாக்கியது ஆய்வுப்பொருளைக் காட்டிலும் ஆண்டுதோறும் கூடும் ஓர் அவையின் அமைப்பு என்பது என் வாதம். அந்த அமைப்போ சங்கத்தைவிட மூத்தது.

மறுக்கப்போகும் வாசிப்பின் வலிமையை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்டனும் டெம்ப்ஸ்டரும் ஐசோடோப்புகளைப் பிரித்தறியக் கையாண்ட கருவி, 1940களின் தொடக்கத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழைந்தது. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த கன்சாலிடேட்டட் எஞ்சினியரிங் நிறுவனம் 21-101 என்ற மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அட்லாண்டிக் ரிஃபைனிங் நிறுவனம் முதல் வாடிக்கையாளர். ஹைட்ரோகார்பன் கலவை ஒன்றில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பழைய முறையில் பின்னக் காய்ச்சி வடித்துக் கண்டறிய நாட்கணக்கில் ஆகும். இக்கருவி அதைச் சில மணி நேர வேலையாகச் சுருக்கியது. போர்க்கால விமான எரிபொருளுக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. கருவியை வாங்கிய ஆலைகளின் வேதியியலாளர்கள், விற்ற நிறுவனம் கூட்டிய பயனாளர் கூட்டங்களில் சந்தித்துக்கொண்டார்கள். 1950களில் டவ் கெமிக்கலில் கோல்கேயும் மெக்லாஃபர்டியும் வாயு நிறப்பகுப்பியலை நிறை நிறமாலைமானியுடன் இணைத்தார்கள். எம்.ஐ.டி.யில் பீமனும் ஸ்டான்ஃபர்டில் ஜெராஸியும் இயற்கைப் பொருள்களின் கட்டமைப்பை அறிய இதே கருவியைக் கையாண்டார்கள். ஜெராஸியிடம் முனைவர் பட்டம் பெற்ற கேத்தரின் ஃபென்சலாவ் 1960களின் பிற்பகுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளிக்குச் சென்றார். 1982 முதல் 1984 வரை சங்கத்தின் தலைவராக இருந்தார். பீமனின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிப் பின்னர் பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தன் ஆய்வு மையத்தை அமைத்த கேத்தரின் காஸ்டெல்லோ 2002 முதல் 2004 வரை தலைவர். எண்ணெய், கரிமம், உயிரியல் என்ற மூன்று படிகளும் வரிசை குலையாமல் வந்துவிடுகின்றன. இவ்வளவு பொருத்தமாக அமையும் விளக்கத்தைத் தக்க காரணமின்றி ஒதுக்கிவிட முடியாது.

அதை ஐயுறத் தூண்டும் சான்று மிகச் சிறியது: மாநாட்டுக் கட்டுரைத் தொகுதியில் அச்சான ஓர் எண். சங்கம் உருவானது 1969இல். அந்த ஆண்டு மே மாதம் டல்லாஸில் கூடிய மாநாடு 17ஆவது. அடுத்த ஆண்டு ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியதை, புதிய சங்கம் தன் முதல் மாநாடு என்று அறிவித்திருக்கலாம். தொகுதியோ அதை 'நிறை நிறமாலையியலும் அதன் தொடர்புத்துறைகளும்' பற்றிய 18ஆவது ஆண்டு மாநாடு என்கிறது. ஓராண்டே வயதான அமைப்புக்கு 18ஆவது மாநாடு எங்கிருந்து வந்தது? 1952இல் அமெரிக்கப் பொருட்சோதனைச் சங்கமான ஏ.எஸ்.டி.எம். அமைத்த இ-14 என்ற குழுவிடமிருந்து வந்தது. அக்குழுவின் மாநாடுகள் 1953இல் தொடங்கின. அந்த எண்ணிக்கை நடுவில் அறுபடவே இல்லை. மாநாட்டின் பெயரும் அப்படியே தொடர்ந்தது. 2002இல் ஆர்லாண்டோவில் 50ஆவது மாநாடு கூடியது. கிரேசன் நூலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. அதாவது சட்டப்படி 33 வயதான சங்கம் தன் மாநாடுகளை 50 என்று எண்ணிக் கொண்டாடிய காலத்தில் பிறந்த நூல் அது. நூலின் கதைப்போக்கு ஆய்வுப்பொருளின் மாற்றங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அது வெளிவந்த தருணமோ ஒரு கூட்டத்தின் இடையறாத தொடர்ச்சியைக் கொண்டாடுகிறது. இந்த முரணைக் கடந்து போய்விடக் கூடாது.

எண்ணைப் பெரிதுபடுத்துகிறேன் என்று ஒருவர் மறுக்கலாம். பழமை பெருமை தரும்; புதிய சங்கம் கௌரவத்துக்காகப் பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டிருக்கலாம். இந்த மறுப்பு வலுவானதன்று. இ-14, தரநிலைகள் வகுக்கும் ஓர் அமைப்பின் கிளைக்குழு. எண்ணெய், எஃகு, சிமெண்டு ஆகியவற்றின் சோதனை முறைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஏ.எஸ்.டி.எம். கல்விப்புலத்தில் தன்னை அறிவியல் சங்கமாக நிலைநாட்டிக்கொள்ள விரும்பும் அமைப்புக்கு அந்த மரபைச் சொல்லிக்கொள்வதால் பெரிய மதிப்பு கூடிவிடாது. பிரிந்து வந்தோம் என்று காட்டுவதே நோக்கமாக இருந்திருந்தால் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதே இயல்பு. தொடர்ந்து எண்ணினார்கள் என்றால், கூடியவர்கள் அதே ஆட்கள், கூடிய நோக்கம் அதே நோக்கம், மாறியது சட்ட வடிவம் மட்டுமே என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். 2020இல் ஹூஸ்டன் மாநாடு பெருந்தொற்றால் நேரில் கூட முடியாமல் இணையவழிக்கு மாறியபோதும் 68 என்ற எண் விடுபடவில்லை. 2021 இறுதியில் ஃபிலடெல்ஃபியாவில் கூடியது 69ஆவதாயிற்று. அரங்கமே இல்லாமல் போன ஆண்டிலும் எண்ணைக் காப்பாற்றும் அமைப்பு, அந்த எண்ணைத் தன் அடையாளத்தின் பகுதியாகவே கருதுகிறது.

எண் தொடர்ச்சியைக் காட்டுகிறது. தலைமைக்கும் அதற்கும் என்ன உறவு என்பது அடுத்த கேள்வி. அதற்கான விடை பதவிகளின் வரிசையில் இருக்கிறது. இச்சங்கத்தில் தலைவராக வருபவர் முதலில் நிகழ்ச்சிகளுக்கான துணைத்தலைவராக இரண்டு ஆண்டுகள் பணியாற்றுகிறார். பிறகு இரண்டு ஆண்டுகள் தலைவர், அதன்பின் இரண்டு ஆண்டுகள் முன்னாள் தலைவர் என்ற பொறுப்பு. மாநாட்டு ஏற்பாடுகளுக்கென்று வேறொரு துணைத்தலைவர் உண்டு. தலைமைக்குச் செல்லும் வழி அவருடையதன்று. எந்தப் பொருளில் எத்தனை அமர்வுகள், எந்தக் கட்டுரை வாய்மொழி உரை, எது சுவரொட்டி என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சுமந்தவரே தலைவராகிறார். வாரிசுத் தலைவர் என்ற ஏற்பாடு அறிவியல் சங்கங்கள் பலவற்றில் உண்டே, இதில் என்ன தனித்தன்மை என்று கேட்கலாம். அமெரிக்க வேதியியல் சங்கத்திலும் தலைவராகத் தேர்வு பெற்றவர் ஓராண்டு காத்திருந்தே பொறுப்பேற்கிறார். ஆனால் அங்கே அந்தக் காத்திருப்பின் பெயர் அடுத்து வரப்போகும் பதவியைத்தான் குறிக்கிறது. இங்கே அந்தப் படியின் பெயரே மாநாட்டு நிகழ்ச்சியைக் குறிக்கிறது. 6,000 பேருக்கு மேல் கூடும் கூட்டத்தின் நிரலை வகுத்தவர் என்பதே ஒருவரைத் தலைவராக்கும் தகுதி. ஆய்வுப்பொருள் தலைவரைத் தேர்கிறது என்பதைவிட, எல்லா ஆய்வுப்பொருள்களையும் ஒரே நிரலில் அடக்கத் தெரிந்தவரை அவை தேர்கிறது என்பதே இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தும் விளக்கம்.

பின்னாளைய தலைவர்களின் பெயர்வரிசை இதற்கு நல்ல சோதனை. 'புரதங்கள் வரை' என்ற வாசிப்பு சரியென்றால் 2002க்குப் பின் வந்தவர்கள் உயிரியலை நோக்கியே மேலும் மேலும் சென்றிருக்க வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் பிராட்பெல்ட் (2014–2016) அயனிப் பொறிகளிலும், புற ஊதா ஒளியால் அயனிகளைச் சிதைக்கும் முறையிலும் பெயர் பெற்றவர். அவருக்குப் பின் வந்த விக்கி வைசாக்கி (2016–2018) அயனிகளைத் திண்மப் பரப்பில் மோதவிட்டு உடைக்கும் முறையை வளர்த்தவர். இருவரும் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸின் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அடுத்த தலைவர் ரிச்சர்ட் யோஸ்ட், 1970களின் பிற்பகுதியில் கிறிஸ்டி என்கியுடன் சேர்ந்து மும்மை நான்முனை நிறமாலைமானியை உருவாக்கியவர். முழுக்க முழுக்கக் கருவியாளர். அவரைத் தொடர்ந்த சூசன் ரிச்சர்ட்சன், குடிநீரைக் கிருமிநீக்கம் செய்கையில் தோன்றும் துணைவிளைபொருள்களை ஆராய்பவர். கருவியாளர், சுற்றுச்சூழல் வேதியியலாளர் என்று பெயர்வரிசை வளைந்து வளைந்துதான் செல்கிறது. பிராட்பெல்டும் வைசாக்கியும் புரதங்களையும் ஆராய்ந்தார்கள் என்று ஒருவர் சுட்டிக்காட்டலாம், உண்மைதான். ஆனால் அவர்கள் அடையாளம் பெற்றது அயனியைச் சிதைக்கும் முறைகளால். புரதம் அந்த முறைகள் பயன்பட்ட களங்களில் ஒன்று. ஃபென்சலாவும் காஸ்டெல்லோவும் மூன்று படி விளக்கத்துக்குள் அழகாக அடங்குகிறார்கள். ஆனால் அந்த இருவரை வைத்து ஒரு விதியை எழுதிவிட முடியாது.

நிறுவன வேதியியலாளர்களின் காலம் முடிந்து பல்கலைக்கழகத்தாரின் காலம் வந்தது என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. அதற்குக் காரணம் ஆய்வுப்பொருளின் மாற்றம்தானா என்பதில்தான் ஐயம். நிகழ்ச்சித் துணைத்தலைவர் தொடங்கி முன்னாள் தலைவர் வரை ஆறு ஆண்டுகள் ஒருவரைக் கட்டிப்போடும் ஏற்பாடு இது. நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு இடமாற்றம் வரும், ஆய்வுத்திட்டம் கைவிடப்படும், மேலதிகாரி மாறுவார். ஆறு ஆண்டு வாக்குறுதியை அவர் தருவது கடினம். நிரந்தரப் பணியில் உள்ள பேராசிரியர் தர முடியும். அப்படியானால் தலைமையைப் பல்கலைக்கழகத்துக்கு நகர்த்தியதில் கரிம வேதியியலுக்கு இருக்கும் பங்கைவிடப் பதவிக்காலத்தின் நீளத்துக்கு அதிகப் பங்கு இருக்கலாம். இது ஊகம், சான்று மெலிந்த இடம் என்பதை ஒப்புக்கொண்டே இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் மாற்று விளக்கம் இதைவிட மெலிந்தது. டவ் கெமிக்கலில்தான் மெக்லாஃபர்டி கரிம நிறை நிறமாலையியலின் அடித்தளத்தில் பெரும்பகுதியை இட்டார். 1964இல்தான் பர்டியூவுக்குச் சென்றார். கரிம வேதியியல் நிறுவனங்களுக்கு அந்நியமான பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. அதன் வருகை நிறுவனத்தாரை ஏன் வெளியேற்ற வேண்டும்?

கருவி விற்பவர்களைச் சங்கம் நடத்திய விதமும் அவையின் பழைய வடிவத்தையே நினைவூட்டுகிறது. நெடுங்காலமாக இம்மாநாட்டில் கருவி நிறுவனங்களின் முதன்மைக் களம், மாலையில் விடுதிகளில் அவர்கள் திறக்கும் விருந்தோம்பல் அறைகள்தான். பகலில் அரங்கு ஆய்வாளருக்கு, இரவில் அறை விற்பனையாளருக்கு என்ற பாகுபாடு எங்கிருந்து வந்தது? 1940களின் பயனாளர் கூட்டங்களைக் கூட்டியவரே கருவியை விற்றவர். அந்த நிலையை மாற்றித்தான் இ-14 பொதுவான ஓர் அவையாக அமைந்தது. விற்பவரை ஒதுக்காமலும் அவர் கையில் அவையை ஒப்படைக்காமலும் இருக்க இந்தப் பாகுபாடு வழி செய்தது என்று கருத இடமுண்டு. தலைவர் என்பவர் இந்த எல்லையின் காவலரும்கூட.

எதிர்த்தரப்பில் மிஞ்சும் வலுவான சான்று சங்கத்தின் இதழ். 1990இல் தொடங்கிய அந்த இதழின் முதல் பதிப்பாசிரியர் மைக்கேல் கிராஸ். ஏறத்தாழ கால்நூற்றாண்டு அப்பொறுப்பில் இருந்தார், பின் ஜோசப் லூ வந்தார். இரண்டாண்டுத் தலைவர்கள் பலர் வந்துபோன காலம் முழுவதும் எது நல்ல ஆய்வு என்று தீர்மானிக்கும் நாற்காலியில் ஒருவரே அமர்ந்திருந்தார். அறிவுத்தலைமை அங்கேதான் இருந்தது, மாநாடு வெறும் திருவிழா என்று வாதிடுவோருக்கு இது கைகொடுக்கும். நான் இதைப் பாதி ஏற்கிறேன். ஆனால் இ-14இன் முதல் மாநாட்டிலிருந்து 1990 வரை 37 ஆண்டுகள் இதழ் இல்லாமல் மாநாட்டுத் தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சமூகம் இயங்கியது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இதழ் வந்தபோது அவை ஏற்கெனவே உருப்பெற்றிருந்தது.

சங்கத்தின் தொடக்கம் எந்த ஆண்டு என்பதற்கு ஒற்றை விடை இல்லை. குழு அமைந்த 1952, முதல் மாநாடு கூடிய 1953, சட்ட வடிவம் பெற்ற 1969 ஆகிய மூன்றுக்கும் உரிமை உண்டு. எதைத் தேர்கிறோமோ அதற்கேற்பத் தலைவர்களின் பட்டியலும் மாறும். 1953ஐத் தேர்ந்தால் இ-14இன் தலைவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்; சங்கம் மாநாட்டை எண்ணும் முறை அதற்கு இடம் தருகிறது, தலைவர்களை எண்ணும் முறை தருவதில்லை. இந்த முரண்பாட்டை இங்கே தீர்க்க நான் முயலவில்லை. வாதத்தைப் பிற நாடுகளுக்கு நீட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். பிரிட்டனிலும் பெட்ரோலியக் கழகத்தின் குழு ஒன்று தொடக்கத்தில் இருந்ததால் ஒப்பீடு ஓரளவு பொருந்தும். இந்தியாவின் நிலை வேறு. 1978இல் தோன்றிய இந்திய நிறை நிறமாலையியல் சங்கம் மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைத் தலைமையிடமாகக் கொண்டது; யுரேனியம், புளுட்டோனியம் ஆகியவற்றின் ஐசோடோப்பு விகிதங்களை அளப்பது அந்த மையத்தின் அன்றாட வேலை. அங்கே அவை தலைவரைத் தேர்ந்ததா, நிறுவனம் தேர்ந்ததா என்பதை அந்தச் சங்கத்தின் மாநாட்டுத் தொகுதிகளையும் நிர்வாகக் குழுப் பட்டியல்களையும் அருகருகே வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.