பாணர் வழியில் லோகநாதன்

அலிகேட்ஸ் இசைக்குழுவின் பாடகர் லோகநாதன் ஆறுமுகத்தைப் பற்றி எழுதுகிறேன். 2007-இல் மறைந்த அவருடைய புகழையும், சகோதரர் டேவிட்டோடு இணைந்து பாடிய பாட்டுகளையும் பினாங்கு மக்களுக்கு எடுத்துரைப்பது மிகை. என் கருத்து ஒன்றே: பெரும்பாலும் மலாயில் பாடிப் புகழ் பெற்ற இவரைத் தமிழிசை வரலாற்றிலும், பாணர் வழியில் வைத்துப் பேச வேண்டும். பாணர் யாழைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று, புரவலர் அவையில் பாடி வாழ்ந்தவர்கள். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் அந்த யாழின் பத்தலையும் போர்வையையும் நரம்பையும் உறுப்புறுப்பாக வருணிக்கிறார்.

பாணர் தமிழில்தானே பாடினர் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் திருவாரூரில் பிறந்த தியாகராசர் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடினார். அதற்காக அவரைக் காவிரிக்கரையின் இசையிலிருந்து யாரும் நீக்கவில்லை. தமிழிசை இயக்கம் இதை மறுக்கவில்லையா என்றால், தமிழ் மேடையிலேயே தமிழ்ப்பாட்டுக்கு இடமில்லாமல் போனதை எதிர்த்தே அது எழுந்தது. தமிழன் பிறமொழியில் பாடுவதை அது தடுக்கவில்லை. லோகநாதன் பாட்டோடு ஒலிக்கும் கிதார் அந்நியக் கருவி என்பதும் நிற்காது: தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு வயலினைக் கையாண்டார், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்த வயலின் தந்தத்தால் ஆனது. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. பிரேசிலின் லவுரிண்டோ அல்மெய்டாவும் 1947-இல் அமெரிக்கா சென்று, தம் நாட்டுக் கிதாரோடு ஜாஸ் கலைஞர்களுடன் இசைத்தார். அவரைப் பிரேசிலர் இல்லை என்று யார் சொன்னார்?

திருத்தருமபுரத்தில் சம்பந்தப் பெருமான் பாடிய யாழ்மூரிப் பதிகம் யாழில் அடங்காதபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழை உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தருளினார். கருவி இறைவன் திருவருளை முழுதும் அளக்காது என்பதே பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் பொருள். யாழுக்கே அந்த எல்லை உண்டென்றால் கிதாரை மட்டும் குறை கூறுவானேன்? பல மரபுகள் அருகருகே வாழும் ஊர் நம் பினாங்கு: 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், குவான் யின் கோயிலும், புனித ஜார்ஜ் தேவாலயமும் இங்கு ஒரே சாலையிலும் அதன் தொடர்ச்சியிலும் நிற்கின்றன. மகாமாரியம்மன் கோயிலும் அருகிலேயே. இங்கு வளரும் பிள்ளைகள் தேவாரமும் கற்கட்டும், லோகநாதன் பாட்டும் கற்கட்டும். விழா மேடையில் மலாய்ப் பாட்டு ஒலிக்கும்போது பெரியோர் எழுந்து போகாமல் இருக்கட்டும்.