போலீஸ் கைது செய்தால் எத்தனை நாள் லோக்காப்பில் வைக்கலாம்?

பெர்மாஸ் ஜெயாவில் நண்பர்களோடு மாமாக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது போலீஸ் உங்களைக் கைது செய்கிறதா? முரண்டு பிடிக்காதீங்க. "எதுக்காக சார் கைது?"ன்னு கேளுங்க. காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி.

விசாரணைக்கு முன் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் போன் பண்ணலாம். அதைப் போலீசே உங்களிடம் சொல்ல வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 28ஏ). ஆனால் சக குற்றவாளி தப்பிவிடுவார் போன்ற காரணங்களைக் காட்டி, உயர் அதிகாரியின் அனுமதியோடு இதை மறுக்கவும் முடியும். இந்த ஓட்டை கொஞ்சம் பெரிசுதான்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தண்டனை 14 ஆண்டுக்குக் குறைவான குற்றம் என்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேல் என்றால் 7, மறுபடி 7. சொஸ்மா சட்டத்தில் கணக்கே வேற: 28 நாள் வரை.

லோக்காப்பில் அடித்தால்? உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடமே காட்டுங்க. 2009 ஜனவரியில், 22 வயது ஏ. குகன் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடவில்லை, இரண்டாவது பரிசோதனையில் அடித்த காயங்கள் வெளியே வந்தன. 2013இல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கியது.