கரைத் தூண்டிலின் கதை

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், டோவர் துறைமுகத்திற்குச் சற்று வடக்கே டீல் என்றொரு சிற்றூர் உண்டு. மணலைவிடக் கூழாங்கல்லே மிகுந்த கடற்கரை. ஈஸ்டர் விடுமுறையில் அங்கே செல்வோர், தூண்டிற்கோலைப் பிடிக்கவும் சரியாகத் தெரியாத புதியவர்கள் பலர் அலையோரத்தில் நின்று ஈயக்குண்டை வீசிக் கொண்டிருப்பதைக் காணலாம். அவர்களிடம் வந்து, "சீட்டு எங்கே? யாரைக் கேட்டு இங்கே மீன் பிடிக்கின்றீர்?" என்று வினவுவார் எவருமில்லை. அதே மனிதர் சில கல் தொலைவு உள்நாட்டிற்குச் சென்று ஓர் ஆற்றில் தூண்டிலை இட்டால் நிலைமை வேறு. அரசின் உரிமச் சீட்டு வேண்டும். அதன்மேல் கரைக்கு உடையவரின் இசைவும் வேண்டும். நீரும் நீரே, மீனும் மீனே. அங்ஙனமிருக்க, இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? அதனை அறிய நாம் எண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

ஆங்கில மொழியில் தூண்டிற்கலை பற்றி அச்சேறிய முதல் நூல் 1496 இல் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண் துறவியே அதனை இயற்றினார் என்பது வழக்கு. ஐசக் வால்டனின் புகழ் வாய்ந்த நூல் 1653 இல் வெளிவந்தது. இரண்டுமே ஆற்றையும் குளத்தையும் பற்றியவை. கடலை நோக்கி அவை திரும்பவேயில்லை. தூண்டில் என்பது ஓய்வுடையோரின் பொழுதுபோக்கு, ஓய்வுடையோரோ நிலமுடையோர், அவர்தம் நிலத்தின் ஊடே ஓடியது ஆறு. அந்த ஆற்றின் மீன் அவர்களுடைய உடைமையாகவே கருதப்பட்டது. அதற்குக் காவலாக நின்ற சட்டங்களின் கொடுமை சிறிதன்று. 1723 இல் இயற்றப்பட்ட 'கறுப்புச் சட்டம்' எனப்படும் சட்டத்தின்படி, முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆயுதத்துடன் சென்று ஆற்றிலோ குளத்திலோ மீன் திருடியவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கலாம். ஒரு கெண்டை மீனுக்கு ஒரு மனித உயிர்! அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி 1823 இல்தான் நீக்கப்பட்டது.

கடல் மட்டும் இந்தப் பிடிக்குள் அடங்காமல் நின்றது. 1215 இல் ஜான் மன்னனிடமிருந்து பிரபுக்கள் பெற்ற மகா சாசனத்தில் ஒரு விதி உண்டு. தேம்ஸ், மெட்வே ஆகிய ஆறுகளிலும் இங்கிலாந்து முழுவதிலும் உள்ள மீன் அடைப்புகள் அகற்றப்பட வேண்டும், கடற்கரையில் உள்ளவை நீங்கலாக என்பது அதன் சாரம். உண்மையில் அந்தப் பிரபுக்கள் ஏழையின் தூண்டிலை நினைத்து இதனைக் கேட்டவர்களாக நமக்குத் தோன்றவில்லை. அடைப்புகள் படகுப் போக்குவரத்துக்கு இடையூறாக இருந்தன. அவர்கள் கவலை அதுவே. எனினும் பின்வந்த நீதிபதிகள் அந்தச் சாசனத்திற்கு விரிந்த பொருள் கண்டனர். கடலேற்றம் எட்டும் நீர்நிலைகளில் தனியொருவருக்கு மீன்பிடி உரிமையைப் புதிதாக வழங்கும் அதிகாரம் இனி மன்னனுக்கு இல்லை என்று கொண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த நீதிபதி மேத்யூ ஹேல், கடலிலும் அதன் கழிகளிலும் மீன் பிடிப்பது பொதுமக்களின் உரிமை என்பதைத் தம் நூலில் தெளிவாக வகுத்துரைத்தார். அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து 1787 இல் அந்நூல் அச்சேறியது. பழைய தனியுரிமைகள் சில இடங்களில் நீடித்தன என்பது மெய்தான். ஆயினும் பொதுவிதி இதுவே: கடற்கரை மண் மன்னனுடையதாக இருப்பினும், அலைக்குள் நீந்தும் மீன் எல்லோர்க்கும் பொது.

உரிமை இருந்து என்ன பயன்? அதனைத் துய்க்க ஓய்வு வேண்டுமே! மான்செஸ்டரின் ஆலைத் தொழிலாளிக்கும் இலண்டன் நகரத்துத் தச்சனுக்கும் கடல் எட்டாத் தொலைவில் இருந்தது. அந்தத் தொலைவைக் குறுக்கியது புகைவண்டி. இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841 இல் இருப்புப் பாதை முற்றுப்பெற்றது; டீல் ஊருக்கு 1847 இல் வண்டி வந்தது. அடுத்து, சர் ஜான் லப்பக் என்பாரின் முயற்சியால் 1871 இல் வங்கி விடுமுறைச் சட்டம் பிறந்தது. அது இங்கிலாந்துக்கு வழங்கிய நான்கு விடுமுறைகளில் இரண்டு ஈஸ்டர் திங்கட்கிழமையும், அதற்கு ஏழு வாரம் கழித்து வரும் விட் திங்கட்கிழமையும் ஆகும். இரண்டும் இளவேனிற் காலத்தவை! குளிர் முற்றும் நீங்காத காற்றில், பிள்ளை குட்டிகளுடன் கடற்கரைக்கு வந்திறங்கிய மக்களுக்கு நீராட இயலாது. தூண்டில் வீச இயலும். கரைத் தூண்டிலில் புதியவன் தொடங்கும் பருவம் இளவேனில் என்றானமைக்குக் கடல் மட்டும் காரணமன்று, அந்நாட்டுப் பஞ்சாங்கமும் ஒரு காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

கடலின் போக்கையும் ஈண்டுச் சிறிது கூறுவோம். நிலம் பங்குனியிலேயே பசுமை கொண்டுவிடும். கடல் நீரோ அப்போதுதான் தன் குளிரின் உச்சியில் நிற்கும். மெல்ல மெல்லச் சூடேறும்போது கரையோர நண்டுகள் ஓட்டைக் கழற்றத் தொடங்கும். பழைய ஓடு நீங்கிப் புதிய ஓடு இறுகுமுன் அவை மெத்தென்றிருக்கும். இந்த நண்டைத் தேடிக்கொண்டுதான் பாஸ் என்னும் மீன் கரைக்கு வருகின்றது. உருவில் நம் கொடுவாயை நினைவூட்டும் வெள்ளி நிற மீன் அது. நாம் நாக்கு மீன் என்று வழங்கும் தட்டை மீன்களின் உறவினங்களும், குளிர்காலத்தில் ஆழ்கடலில் முட்டையிட்டு மெலிந்து, பசியோடு கரையை நாடும். திருக்கையும் வரும்.

புதியவனின் முதற்பாடம் தூண்டிலில் இல்லை, காலில் இருக்கின்றது. கடல் வற்றிய வேளையில் கரையில் நடந்து, எங்கே பள்ளம், எங்கே பாறை என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நீர் ஏறும்போது மீன் அந்தப் பள்ளங்களின் வழியேதான் வரும். ஈரமணலில் சுருள் சுருளாக மண் கக்கியிருக்கும் இடத்தைத் தோண்டினால் கடற்புழு கிடைக்கும், அதுவே இரை. எந்த நாளில் கடல் மிகுதியாக வற்றும் என்பதற்கு ஆங்கிலேயர் அச்சிட்ட அட்டவணையைப் புரட்டுவர். பிறை பார்த்து நாள் எண்ணும் நம் குடும்பங்களுக்கு அது வேண்டுவதில்லை. பிறை தென்பட்ட முதல் இரண்டு மூன்று நாட்களிலும், பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் கடல் மிகுதியாக ஏறும், மிகுதியாக வற்றும். இதனைக் காயலிலோ கீழக்கரையிலோ கடலை அறிந்த எந்தப் பெரியவரும் சொல்லுவார். பகலும் இரவும் சமமாகும் மார்ச்சுத் திங்களில் இந்த ஏற்றவற்றம் இன்னும் வலுக்கும்.

எளிய மக்கள் கண்ட சுவையைப் பின்னர்க் கனவான்களும் கண்டனர். 1893 இல் பிரித்தானியக் கடல் தூண்டிலாளர் சங்கம் தோன்றியது. 1895 இல் ஜான் பிக்கர்டைக் என்ற புனைபெயரில் சார்லஸ் ஹென்றி குக் எழுதிய 'கடல் மீன்பிடிப்பு' வெளியாயிற்று. ஆனால் புதியவனுக்கு உண்மையில் கைகொடுத்தது நூலன்று. பிராட்போர்டு நகரத்துக் கம்பளி ஆலையதிபர் ஒருவரின் மூளை. பழைய உருளைகளில், வீசும்போது உருளையே சுழலும்; பழகாத கை வீசினால் கயிறு சிக்கலாகிக் குருவிக்கூடு போலாகிவிடும். இல்லிங்வொர்த் என்னும் அந்த ஆலையதிபர், தம் நூற்பாலையில் நூற்கண்டு அசையாதிருக்க, அதன் முனையிலிருந்து நூல் வழுக்கி ஓடுவதைக் கண்டார். அதே முறையில் ஓர் உருளையைச் செய்து 1905 இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் புதியவர் கையில் இருக்கும் உருளை அதன் வழிவந்ததே. 1938 இல் நைலான் அறிமுகமாகி, போருக்குப் பின் தங்கூசி நரம்பு மலிவாகக் கிடைக்கவே, உலர்த்திப் பாதுகாக்க வேண்டிய பழைய சணற்கயிறும் பட்டுக்கயிறும் ஒழிந்தன.

இடையில் வந்த போர் கடற்கரையையே பறித்துக்கொண்டது. 1940 இல் ஜெர்மானியர் இறங்கக் கூடுமென்ற அச்சத்தால் தென்கரையும் கீழ்க்கரையும் முள்வேலியிடப்பட்டன, கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. டீல் ஊரில் 1864 இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்துறை, 1940 ஜனவரியில் கப்பலொன்று மோதி உடைந்தது. எஞ்சியதையும் இராணுவத்தார் தகர்த்தனர். புதியது 1957 இல்தான் திறக்கப்பட்டது. எந்த மன்னனும் மறுக்காத உரிமையை அச்சம் சில ஆண்டுகள் மறுத்து வைத்தது.

புழுவும் ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. நார்தம்பர்லாந்துக் கடற்கரையில் இரைப்புழு தோண்டுவது பற்றிய வழக்கில், 1993 இல் நீதிபதிகள் ஒரு கருத்தை உரைத்தனர்: மீன் பிடிக்கும் பொது உரிமை இருக்குமாயின், அதற்கு வேண்டிய புழுவைத் தோண்டும் உரிமையும் அதனுள் அடங்கும். ஆனால் விற்பதற்காகத் தோண்டினால் அந்த உரிமை இல்லை.

இந்த உரிமைக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடந்தது. கடலின் மீன் வற்றாது என்பதே அது. விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி 1883 இல் இலண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசியபோது, பெரிய கடல் மீன்வளங்கள் மனிதனால் தீர்க்க முடியாதவை என்றே கருத்துரைத்தார். பதினேழு ஆண்டு செல்வதற்குள், 1900 இல், வால்டர் கார்ஸ்டாங் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் கடல் வறுமையடைந்து வருவதைக் கணக்கிட்டுக் காட்டினார். கேட்பார் அன்று குறைவு.

அந்தக் கணக்கு கரைத் தூண்டிலாளனிடம் வந்து சேர்ந்தது 2015 இல். பாஸ் மீன் மெல்ல வளர்வது. முதல் முட்டையிடவே பல ஆண்டுகள் ஆகும். 36 சென்டிமீட்டர் இருந்தால் கொள்ளலாம் என்ற பழைய அளவில், பெண்மீன்களில் பெரும்பாலானவை ஒருமுறைகூட முட்டையிட்டிருக்கவில்லை. எனவே அளவு 42 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. ஒருவர் நாளொன்றுக்கு மூன்று மீனுக்கு மேல் கொள்ளலாகாது என்றும் விதிக்கப்பட்டது. 2016 இல் பிடி இன்னும் இறுகியது. ஜனவரி முதல் ஜூன் முடிய, தூண்டிலாளன் ஒரு பாஸ் மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டு செல்லக் கூடாது. பிடித்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அதே இளவேனிலில், ஏப்ரல் தொடங்கி, தூண்டிற்கயிறும் நிலைவலையும் கொண்டு தொழில் செய்த வணிகப் படகுகள் மாதம் 1.3 டன் வரை பிடிக்க இசைவு இருந்தது.

மீனைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒற்றைத் தூண்டிலோடு நிற்பவனுக்கு முழுத்தடையும், வலையோடு செல்பவனுக்கு டன் கணக்கில் இசைவும் என்ற தராசின் நேர்மை நமக்கு விளங்கவில்லை. வலைக்காரருக்கு அது பிழைப்பு என்பர். அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. எனினும் மீன் குறைந்தது ஈயக்குண்டு வீசிய கையாலன்று என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும். தூண்டிலாளர் சங்கங்கள் உரக்க முறையிட்டன. விதிகள் பின்னர்ச் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. 2018 அக்டோபரில் நாளொன்றுக்கு ஒரு மீன் என்றாயிற்று. 2020 இல் மார்ச்சு முதல் நவம்பர் முடிய இரண்டு மீன் என்றாயிற்று.