பழமையைக் காத்தலும் திருப்பணியே

சிவாலயம் ஒன்றைப் புதிதாக எடுப்பித்தல் சிவபுண்ணியம். பழுதுற்ற ஆலயத்தைப் பழமை கெடாது புதுக்குதலும் அதனிற் குறைந்ததன்று. இதனைச் சீர்ணோத்தாரணம் என ஆகமங்கள் கூறும். புதுக்குதலாவது பழையதை அழித்தல் அன்று என்பதற்குத் தேசூரை அடுத்த சீயமங்கலமே சான்று.

7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அங்குள்ள பாறையைக் குடைந்து இறைவனுக்குக் கோயில் அமைத்தான். இலளிதாங்குரன் என்னும் பட்டப்பெயர் பூண்ட அவ்வேந்தன் அதற்கு அவனிபாஜன பல்லவேசுவரம் எனப் பெயரிட்ட செய்தியை ஆங்குள்ள வடமொழிக் கல்வெட்டு உரைக்கின்றது. தூணொன்றின் மேற்பகுதியில் ஆடல்வல்லானின் சிறிய திருவுருவம் காணப்படுகின்றது. தமிழகத்து ஆடற்கோலச் சிற்பங்களுள் மிகப் பழையனவற்றுள் அஃது ஒன்றாகும். பின்வந்தோர் குடைவரையின் முன்னே மண்டபங்களும் கோபுரமும் எழுப்பினர். எனினும் மகேந்திரன் குடைவித்த கருவறையும் தூண்களும் இன்றும் நிலைத்துள்ளன.

கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிகாவில் அவ்வாறு செய்தபொழுது, பழைய கற்களிற் பொறித்திருந்த அறக்கட்டளைச் சாசனங்களைப் படியெடுப்பித்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். முன்னோர் ஈந்த நிலமும் விளக்கும் மறக்கப்படலாகாது என்னும் கருத்தே அதற்குக் காரணம். தம் பெயரினும் பிறர் அறத்தைப் பெரிதெனக் கொண்ட உள்ளம் அது!

இக்காலத்து அன்பர்கள் பேரார்வத்தாற் செய்யும் சில செயல்களோ இதற்கு மாறாக முடிகின்றன. விசையுடன் மணலைப் பீச்சிச் சுவரைத் துலக்குங்கால் கல்லின் மேற்றோல் உரிந்து எழுத்துகள் மழுங்குகின்றன. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிவிடும். சிமெண்டுப் பூச்சு அதனை உள்ளே அடக்கிக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கச் செய்யும். தரையை உயர்த்திப் புதுக்கற் பரப்பினால், அதிட்டானத்துச் சாசனங்கள் மண்ணுள் மறைகின்றன. ஓரெழுத்து அழியின், ஓரறம் அழிந்ததாகும்.

நன்னெறியும் இன்று இல்லாமலில்லை. திருவரங்கத்துப் பெருங்கோயிலில் பிற்காலச் சேர்க்கைகளை அகற்றிப் பழைய நீர்வழிகளை மீட்டுச் செய்த திருப்பணி, 2017இல் யுனெசுகோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது.

ஆதலின், திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுத்தல் வேண்டும்; பிரித்த கற்களுக்கு எண்ணிட்டு அவ்வவ்விடத்தே அமைத்தல் வேண்டும்; சுண்ணச் சாந்தையே கையாளல் வேண்டும். பொருள் ஈவோர் இம்மூன்றையும் கேட்டறிந்து ஈவாராயின், அவர்தம் கொடை முன்னோர் கொடையையும் காத்து நிற்கும். அங்ஙனம் காக்கும் அறிவையும் அன்பையும் எம்பெருமான் திருவருள் யாவர்க்கும் நல்குக.