பூசாத சுவரின் வரலாறு

ஊரிலுள்ள வீட்டுக்கெல்லாம் பூச்சு பூசுகிற கொத்தனாரின் சொந்த வீட்டுச் சுவர் பூசாமல் கிடக்கிறது. எந்தக் காலனிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். தளத்துக்கு மேல் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலில் கதவுக்குப் பதில் சாக்கு தொங்கும். 'எல்லாத்தையும் குடிச்சே அழிச்சுட்டான்' என்று ஊர்த்தெரு பேசும். நம்ம படிச்ச பிள்ளைகளும் சில சமயம் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அந்த அரைகுறை வீட்டுக்குள் நூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. மண், கூலி, நேரம் என்று மூன்றும் நமக்கு எப்படி மறுக்கப்பட்டன என்பதை அந்தச் சுவரில் படிக்கலாம்.

முதலில் மண். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதாரை எதிர்த்தால் குடிசையை விட்டே துரத்தப்படும் நிலையில் பறையர்கள் இருந்ததையும் அது பேசியது. தஞ்சைப் பண்ணைகளிலும் இதே கதைதான். குடிசை போட்டது நாம், மனை பண்ணையாருடையது. போடா என்றால் போகணும். அப்படி இருக்கிறவன் யாரை நம்பிக் கல்லுச்சுவர் எழுப்புவான்? கீற்றுக் கூரையை வேய்ந்தது வறுமை மட்டுமல்ல, அந்தப் பயமும் சேர்ந்துதான். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் அப்படியொரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். குடியிருப்பவருக்கே மனையை உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் அதற்குப் பிறகு 1971இல்தான் வந்தது. நமக்கு வீட்டுமனை எடுத்துத்தரத் தனிச்சட்டம் வர 1978 ஆயிற்று.

இரண்டாவது கூலி. வயல்வேலை சுருங்கச் சுருங்க நம்ம ஜனங்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். முதலில் மண் சுமக்கவும் கலவை போடவும்தான் கூப்பிட்டார்கள். கரண்டியும் தூக்குக்குண்டும் கைக்கு வர வருசக்கணக்கில் ஆயிற்று. அதுவும் ஆம்பளைகளுக்குத்தான். பெண்கள் சித்தாளாக ஏறிய சாரத்திலிருந்து வயசாகிச் சித்தாளாகவே இறங்கினார்கள். 1979இல் தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும், 1996இல் மத்தியச் சட்டமும் வந்தன. தெருவில் இறங்கிப் போராடி வாங்கியவை இவை. ஆனாலும் வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி என்ற நிலை மாறவில்லை.

அதனால் மூன்றாவதாக நேரம். சொந்த வீட்டுக்கு ஒருநாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கூலி கொடுப்பார். ஞாயித்துக்கிழமை தன் வீட்டுக்கு நாலு வரிக் கல் ஏறும். 'இன்னைக்கு நீ எனக்கு வா, அடுத்த வாரம் நான் உனக்கு வர்றேன்' என்று கூட வேலை செய்கிறவர்கள் வந்து கைகொடுப்பார்கள். சுவர் வரைக்கும் இது ஓடும். தளம் அப்படியில்லை. கான்கிரீட்டை ஒரே நாளில் போட்டு முடிக்கணும். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை, கம்பிக்கும் ஜல்லிக்கும் காசு, எல்லாம் ஒண்ணா வேணும். அங்கேதான் வட்டிக்கடன் வருகிறது. அந்தக் கடனை அடைக்க மறுபடி அடுத்தவன் வீட்டுக்கு ஓடணும். பூச்சு நின்றுபோகும். ஐப்பசி கார்த்திகையில் வேலை இருக்காது, நேரம் இருக்கும். ஆனால் காசு இருக்காது, மழையில் கலவையும் நிற்காது.

அரசு வீடு தரவில்லையா என்று கேட்பார்கள். ஆதிதிராவிடருக்கு வீடு கட்டவென்றே 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டது. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. ஒப்பந்தக்காரரை வைக்காமல் பயனாளியே கட்டிக்கொள்ளணும் என்றது அதன் விதி. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. அந்தப் பயனாளியின் உழைப்புக்கு விலை என்ன? 2016இல் வந்த பிரதமர் குடியிருப்புத் திட்டம் சமவெளியில் 1,20,000 ரூபாய் மானியத்தோடு, வேலை உறுதித் திட்டத்தில் 90 நாள் கூலியையும் சேர்த்தது. அது கைத்திறன் இல்லாத ஆளுக்கான கூலி. முப்பது வருசம் கரண்டி பிடித்த கொத்தனார் தன் வீட்டைத் தானே கட்டும்போது அரசுக் கணக்கில் வெறும் மண்வெட்டி ஆள். கட்டுமானத் தொழிலாளி வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை உதவி என்று தமிழக அரசு பின்னால் அறிவித்தது. தானே கட்டிக்கொள்ளச் சொந்த மனை வேணும் என்பது நிபந்தனை. சுத்திச் சுத்தி மறுபடி மண்ணிலேயே வந்து நிற்கிறோம்.

இதையெல்லாம் தாண்டி வீட்டை முடித்தவர்களுக்கு என்ன நடந்தது? 1995 ஆகஸ்டு 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்தில் போலீசே வீடு புகுந்து உடைத்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த காசில் நிமிர்ந்த ஊர் அது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். பெங்களூர் போன்ற நகரங்களில் கூலிவேலை பார்த்துச் சிறுகச் சிறுகக் கட்டியவை பல. சாதி மறுத்த கல்யாணம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. டிவியும் பீரோவும் மோட்டார் சைக்கிளும் என்ன குற்றம் செய்தன? குடிசையில் கிடக்கணும் என்று நினைத்தவன் காரை வீட்டில் இருப்பதை அவர்களால் சகிக்க முடியவில்லை.

தோழர்களே, சங்கங்களில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. தன் வீட்டுக்கு உழைக்கிற கொத்தனாருக்குக் கொத்தனார் கூலியைக் கணக்கிடணும். ஞாயிறன்று தன் வீட்டில் கல் வைத்து, தரை மெழுகி, சுவர் பூசுகிற பெண்ணை வேலைத்தளத்திலும் கொத்தனார் என்று பதியணும். மனைப்பட்டா இல்லாமல் எந்த வீட்டுத் திட்டத்தையும் அறிவிக்கக் கூடாது.

எழுத வேண்டியதும் இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் நம்ம வீடுகளுக்குப் 'பயனாளி' என்ற ஒரே பெயர்தான். கடைக்கால் எந்த வருசம் தோண்டியது, எந்தத் தாலியை அடகு வைத்துத் தளம் போட்டது, யார் யார் ஞாயித்துக்கிழமை கைகொடுத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.