சித்தி வீட்டை ஒட்டி எழுந்த ஹோட்டல்

எம்பயர் ஸ்டேட் கட்டடம் நிற்கும் மனையில் அதற்கு முன்பு வால்டார்ஃப் அஸ்டோரியா இருந்தது. உலகின் மிகப் பெரிய ஹோட்டல் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியது. அது பிறந்தது ஒரு பங்காளிச் சண்டையில்.

நியூயார்க்கின் ஆஸ்டர் குடும்பத்துக்கு நிலமும் வாடகையும்தான் சொத்து. ஐந்தாம் அவென்யூவில், 33ஆம் தெரு முனையில் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டரின் தந்தை வீடு இருந்தது. 34ஆம் தெரு முனையில் சித்தி கரோலின் வீடு. ஊரின் பெரிய மனுஷி யார் என்பதில் வில்லியமுக்கும் சித்திக்கும் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த வில்லியம், தந்தை வீட்டை இடித்துவிட்டு அங்கே 13 மாடியில் வால்டார்ஃபைக் கட்டி 1893 மார்ச்சில் திறந்தார். வாசலில் வண்டிகளும் கூட்டமும் சேர, சித்தி அங்கிருந்து வீடு மாறிப் போனார்.

அவருடைய மகன் நான்காம் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் 1897இல் தாயின் வீடு இருந்த இடத்தில் அஸ்டோரியாவை எழுப்பினார். இரண்டையும் வடிவமைத்தவர் ஹென்றி ஹார்டன்பர்க். நடுவே தாழ்வாரம் போட்டு இணைத்தார்கள். ஆனால் உறவு முறிந்தால் சுவர் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டார்கள்! அந்தத் தாழ்வாரத்தில் பட்டும் வைரமுமாக நடப்பவர்களைப் பார்க்கவே கூட்டம் கூடியது. 'மயில் சந்து' என்று அதற்குப் பெயர் விழுந்தது. அதுவரை பணக்காரர் வீட்டுக் கூடத்துக்குள் அடங்கியிருந்த ஆடம்பரத்தை இந்த ஹோட்டல் ஊர் நடுவே கொண்டுவந்தது. அதன் வரலாற்றில் முக்கியமான மாற்றம் இதுதான்.

அதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1893 நிதி நெருக்கடியின் துயரம் தீராத நிலையில், 1897 பிப்ரவரியில் பிராட்லி மார்ட்டின் தம்பதியர் இங்கே மாறுவேட நடன விருந்து வைத்தார்கள். பத்திரிகைகளும் பாதிரிமார்களும் கண்டித்த கண்டிப்பு சாதாரணமானதல்ல. பின்னர் தம்பதியர் இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள்.

1912 ஏப்ரல் 15 அன்று டைட்டானிக்கோடு நான்காம் ஜான் ஜேக்கப் ஆஸ்டரும் மாண்டார். நான்கே நாளில், ஏப்ரல் 19 அன்று, அந்த விபத்து பற்றிய அமெரிக்க செனட் விசாரணை அவருடைய ஹோட்டலிலேயே தொடங்கியது. முதல் சாட்சி, கப்பல் நிறுவனத்தின் தலைவர் புரூஸ் இஸ்மே.

நகரத்தின் நாகரிகம் மெல்ல வடக்கே நகர்ந்தது. 1920இல் வந்த மதுவிலக்கு விருந்து வருமானத்தைக் கெடுத்தது. 1929 மே மாதம் கதவு மூடினார்கள்; அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த மனையில் எழுந்த 102 மாடிக் கட்டடம் 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று பார்க் அவென்யூவில் புதிய வால்டார்ஃப் அஸ்டோரியா திறந்தது.