யாருக்கு உதித்த சூரியன்?

வெயில் என்று நம்ம சனங்க சொன்னால் அதற்குள் வேலை இருக்கும். 'வெயில் ஏறுறதுக்குள்ள நட்டு முடிச்சிரணும்', 'வெயில் தாழக் கரையேறலாம்' என்பதெல்லாம் கூலிக் கணக்கு. கடிகாரம் இல்லாத வீடுகளில் சூரியன்தான் மேஸ்திரி. அந்த மேஸ்திரியை ரசித்துப் பாட வேண்டுமென்றால் ஒருவனுக்கு முதலில் நிழல் வேண்டும், ஓய்வு வேண்டும், விரட்டப்படாமல் நிற்க ஓர் இடம் வேண்டும். சூரியனைக் கொண்டாடும் கலைக்குப் பின்னால் ஒரு நிலப்பட்டா இருக்கிறது. அது யார் பேரில் இருக்கிறது என்று கேட்பது நம் வரலாற்றெழுத்தின் வேலை.

இந்தக் கேள்வியோடு நான் ஓர் அமெரிக்க ஆல்பத்தைக் கேட்டேன். பீச் பாய்ஸ் என்ற பாட்டுக்குழுவின் மூளையாக இருந்த பிரையன் வில்சன் தன்னுடைய 66ஆம் வயதில், 2008 செப்டம்பரில் வெளியிட்ட தனி ஆல்பம் அது. பெயர் 'தட் லக்கி ஓல்ட் சன்'. அந்த அதிர்ஷ்டக்காரக் கிழட்டுச் சூரியன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். லண்டன் சவுத்பேங்க் கலை மையத்தின் அழைப்பில் எழுதப்பட்டு, 2007இல் அங்கே முதலில் அரங்கேறியது. ஒரு நாள் பொழுதை லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கழிப்பதுபோலப் பாடல்கள் வரிசையாக வரும். இடையிடையே வான் டைக் பார்க்ஸ் எழுதிய உரைநடைத் துண்டுகள். குரல்மேல் குரலடுக்கிய அந்த இசை காலை வெளிச்சம் போலவே இருக்கிறது. அதை மறுக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை.

'கடற்கரை வெள்ளைக்காரப் பையன்க பாட்டுல நமக்கென்ன இருக்கு?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தத் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது வில்சன் எழுதியது அல்ல. 1949இல் வந்த பாட்டு. இசை பீஸ்லி ஸ்மித், வார்த்தை ஹேவன் கில்லஸ்பி. கில்லஸ்பி அச்சுக்கோர்க்கும் தொழிலாளியாக இருந்தவர். பாட்டில் பேசுகிறவன் ஒரு கூலியாள். விடிந்ததும் வேலை, பிள்ளைகுட்டிக்காக உழைப்பு, உடம்பு சுருங்கி நரைத்துப்போகும்வரை வியர்வை. மேலே பார்க்கிறான். ஒரு வேலையும் இல்லாமல் வானத்தைச் சுற்றி வருகிறது சூரியன். என்னையும் தூக்கிக்கொண்டு போயேன் என்று கடவுளிடம் மன்றாடுகிறான். லூயி ஆம்ஸ்ட்ராங் அதே 1949இல் பாடினார், ரே சார்ல்ஸ் 1963இல் பாடினார். அந்தக் கறுப்புக் குரல்களில் பாட்டு தன் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆக, 2008இன் இந்தக் கொண்டாட்ட ஆல்பத்தின் அடியில் கிடப்பது வெயிலில் காய்ந்தவனின் முறையீடு. அதன்மேல்தான் கடற்கரை கட்டப்பட்டிருக்கிறது.

இனி அந்தக் கடற்கரையின் பட்டாவைப் பார்ப்போம்.

வில்சன் சகோதரர்கள் மூவரும் வளர்ந்த ஊர் ஹாதார்ன். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்மேற்கே உள்ள சின்ன ஊர். அமெரிக்காவில் 'சன்டவுன் டவுன்' என்று ஒரு வகை ஊர் உண்டு. கறுப்பர்கள் பகலில் வந்து வேலை செய்யலாம், சூரியன் மறைவதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். அப்படி எச்சரிக்கும் பலகை 1930களில் ஹாதார்னில் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 'பொழுது சாயறதுக்குள்ள ஊரைவிட்டுப் போயிரு' என்ற கட்டளை நமக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லாத வாக்கியம். சூரியன் அங்கே காவல்காரன் வேலையும் பார்த்தது. பிரையன் 1942இல் பிறந்தார். கறுப்பர் இல்லாத அக்கம்பக்கம் தானாக அமைந்த இயற்கை என்றே அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். சாதி செய்யும் முதல் காரியமே அதுதானே. விரட்டியதை மறைத்துவிட்டு, இடம் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நம்பவைத்துவிடும்.

ஹாதார்னிலிருந்து சில மைல் தூரத்தில் கடல். கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச். அங்கே 1912இல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் 1,225 டாலர் கொடுத்து ஒரு மனை வாங்கினார். அவரும் கணவர் சார்ல்ஸும் சேர்ந்து கறுப்பர்கள் வந்து குளிக்கவும், உடை மாற்றவும், சாப்பிடவும், தங்கவும் ஓர் இடம் நடத்தினார்கள். வேறெங்கும் அனுமதிக்கப்படாதவர்கள் அங்கே வந்து அரைநாள் சூரியனில் சும்மா படுத்துக்கிடந்தார்கள். இந்தச் 'சும்மா'தான் ஊரைச் சுட்டது. உழைக்கும் உடம்பு வெயிலில் நின்றால் யாருக்கும் கண் உறுத்தாது, அதே உடம்பு வெயிலில் ஓய்ந்து கிடந்தால் பொறுக்காது. வந்தவர்களின் கார்ச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். கடைசியில் நகராட்சி 1924இல் பூங்கா கட்டப்போகிறோம் என்று சொல்லி நிலத்தைக் கையகப்படுத்த உத்தரவு போட்டது. குடும்பம் கேட்டது 1,20,000 டாலர். கிடைத்தது 14,500. பூங்கா? பல பத்தாண்டுகள் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

அதோடு விடவில்லை. 1927இல் நகராட்சி கடற்கரையைத் தனியார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டு, உள்ளே வரும் கறுப்பர்களை அத்துமீறிகள் என்று கைது செய்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தினர் கூடிப் போய்க் கடலில் இறங்கினார்கள். கைதானார்கள், வழக்காடினார்கள், குத்தகை ரத்தானது. அதே 1927இல், மார்ச் 20ஆம் தேதி, பாபாசாகேப் அம்பேத்கர் மகத் நகரில் சௌதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஒரே ஆண்டில் உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு சனங்கள் தண்ணீரில் கால் வைத்ததற்காகப் போராடியிருக்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாமலே ஒரே காரியத்தைச் செய்த அவர்களை நான் ஒரே பக்கத்தில் எழுத ஆசைப்படுகிறேன்.

அலைச்சறுக்கு விளையாட்டுக்கு வருவோம். பீச் பாய்ஸின் ஆரம்பப் பாட்டெல்லாம் அதைப் பற்றித்தான். குழுவில் உண்மையாக அலையில் ஏறத் தெரிந்தவர் தம்பி டென்னிஸ் மட்டுமே. அவர்களுக்கு முன்பே, சாண்டா மோனிகாவில் கறுப்பர்களுக்கென ஒதுங்கிய, வெள்ளையர்கள் கேலியாக 'மைக்கூடு' என்று கூப்பிட்ட கடற்கரையில், நிக் கபால்தோன் என்ற கறுப்பு மெக்சிகோ வம்சாவளி இளைஞன் அலையேறக் கற்றான். மாலிபு அலைகளுக்காகப் பலகையில் படுத்துக் கையாலேயே துடுப்புப்போட்டு 12 மைல் கடலில் போவான். 1951இல் மாலிபு படகுத்துறைத் தூணில் மோதி இறந்தான். அவன் பேரில் வானொலிப் பாட்டு எதுவும் முதலிடத்துக்கு வரவில்லை.

பாட்டின் கதையும் இதேதான். 1963 மார்ச்சில் வந்த 'சர்ஃபின் யுஎஸ்ஏ'வின் மெட்டு சக் பெர்ரி 1958இல் போட்ட 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' மெட்டு. அந்த வெள்ளைக் கடற்கரைப் பாட்டு வானொலிகளில் ஓடிய நாட்களில் பெர்ரி சிறையில் இருந்தார். 14 வயதுச் சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கு அது, அதை நான் பூசி மெழுக மாட்டேன். அதே சமயம், அந்த வழக்கின் முதல் தீர்ப்பு நீதிபதியின் இனவெறிப் பேச்சால் தள்ளுபடியாகி மறுவிசாரணை நடந்ததும் வரலாறு. பாட்டின் உரிமை பிறகு பெர்ரியின் பதிப்புக் கம்பெனிக்குப் போனது, அவர் பெயரும் தட்டில் ஏறியது. மெட்டுக்கு நியாயம் கிடைத்தது, கடற்கரைக்குக் கிடைக்கவில்லை. 1964 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்களில் ஏறக்குறைய 65 சதவீதம் பேர், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுத்த சட்டத்தைச் செல்லாததாக்க ஓட்டுப்போட்டார்கள். 1965 ஜூலையில் 'கலிபோர்னியா கேர்ள்ஸ்' வெளிவந்தது. ஆகஸ்டில், ஹாதார்னுக்குப் பத்து மைலுக்குள் இருந்த வாட்ஸ் பகுதி எரிந்தது. 34 பேர் செத்தார்கள். அதே வெயில்தான், அதே கோடைதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வில்சனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது சோம்பேறித்தனம். அந்தச் சூரியன் அவருக்கும் முழுதாக உதிக்கவில்லை. அடிக்கிற அப்பா. வலது காது அநேகமாகக் கேட்காது. 1969இல் அவர் பாட்டுக்களின் பதிப்புரிமையை அப்பாவே 7,00,000 டாலருக்கு விற்றுவிட்டார். மனநோய், போதை, படுக்கையறைக்குள்ளேயே முடங்கிய வருஷங்கள். டென்னிஸ் 1983இல் கடலில் மூழ்கிச் செத்தார், இன்னொரு தம்பி கார்ல் 1998இல் புற்றுநோயில். இந்த ஆல்பத்தில் 'மிட்நைட்ஸ் அனதர் டே' என்ற பாட்டில் அந்த இருட்டு வருகிறது, கடைசிப் பாட்டில் தம்பிகளோடு பாடிய நினைவு வருகிறது. அதனால்தான் இதன் வெளிச்சம் விளம்பர வெளிச்சமாகப் படவில்லை. இருட்டிலிருந்து எழுந்து வந்தவனின் சந்தோஷம். சந்தோஷத்தைச் சந்தேகிப்பது நம் அழகியலாக இருக்க முடியாது. நம்ம சனங்களுக்கு ஒப்பாரி மட்டும்தான் தெரியும் என்று வெளியே இருப்பவன் சொல்லுவான். நாமும் அதைச் சொல்ல வேண்டுமா?

ஆனால் ஒரு பாட்டில் நான் நின்றுவிட்டேன். 'மெக்சிகன் கேர்ள்'. வில்சனும் ஸ்காட் பென்னட்டும் எழுதியது. ஒரு மெக்சிகோப் பெண்மேல் காதல். கிட்டார் குதிக்கிறது, கேட்க இனிமைதான். அதே 2008ஆம் ஆண்டு மே மாதம், ஆல்பம் வருவதற்கு நாலு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, கலிபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் 17 வயது மெக்சிகோப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் வெயில். வயிற்றில் இரண்டு மாதக் கரு. சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உடம்புச் சூடு 108 டிகிரியைத் தாண்டியிருந்தது. இரண்டு நாளில் போய்விட்டாள். வெளிவேலை செய்பவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் தரவேண்டும் என்று கலிபோர்னியா 2005லேயே விதி போட்டிருந்தது, அமெரிக்காவிலேயே முதல் மாநிலமாக. விதி இருந்தது, நிழல் இல்லை. சூரியனுக்கு ஒரு வேலையும் இல்லை என்று 1949இல் முறையிட்டவனின் இடத்தில், 2008இல் நின்றவள் இவள். தலைப்பில் அவள் வம்சத்தின் வலி, ஐந்தாறு பாட்டு தள்ளி அவள் வெறும் அழகி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தவருக்கு நடுவிலிருக்கும் தூரம் தெரியவில்லை. கேட்கிற நமக்குத் தெரிகிறது.

நமக்கு ஏன் தெரிகிறது என்பதற்கு டர்பன் நகரம் ஒரு சாட்சி. 1972இல் பீச் பாய்ஸ் குழுவில் பிளாண்டி சாப்ளின், ரிக்கி ஃபடார் என்ற இரண்டு தென்னாப்பிரிக்கர்கள் சேர்ந்தார்கள். இருவரும் டர்பன்காரர்கள், வெள்ளையர் அல்லாதவர்கள். சொந்த ஊரில் நல்ல கடற்கரை வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை இருந்தது. அதே டர்பனில்தான் 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் நம்மவர்களைக் கரும்புக்கூலிகளாக இறக்கியது. கரும்புத் தோட்டத்து வெயில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கடற்கரை வெயில் மறுக்கப்பட்டது. அந்தப் பிரிவினைச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. கடற்கரைப் பையன்கள் என்ற பேருள்ள குழுவின் 1973ஆம் ஆண்டுப் பாட்டான 'செய்ல் ஆன், செய்லர்', சொந்தக் கடற்கரை மறுக்கப்பட்ட சாப்ளினின் குரலில் ஒலிக்கிறது.

புரூஸ் குடும்பத்து வாரிசுகளிடம் 2022 ஜூலையில் அந்த நிலம் திருப்பித் தரப்பட்டது. 2023இல் அவர்கள் அதை ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகத்துக்கே விற்றார்கள். விற்றது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? விற்பதற்கு முதலில் பட்டா கையில் இருக்க வேண்டும், அது நூறு வருஷம் கழித்து வந்தது. பிரையன் வில்சன் 2025 ஜூன் 11 அன்று தன் 82ஆம் வயதில் இறந்தார்.

ஆல்பத்தைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். முதல் பாட்டு ஒரு நிமிஷ அளவுதான். அதைத் தாண்டி ஓடாமல் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் தட்டையும் ரே சார்ல்ஸின் தட்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பிறகு கடற்கரைக்குப் போகலாம். வெயிலில் நின்றவள் முதலில் நிழலில் உட்காரட்டும். அதற்கப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து சூரியனைப் பாடுவோம்.